கண்ணீரும் திரும்புதலும்: இலக்கியம் காட்டும் மனந்திரும்புதல்

நம்முடைய பழைய திருமறை மொழிபெயர்ப்பில் மத்தேயு 27-ஆம் அதிகாரத்தைப் படிக்கின்றவர்கள் ஒரு சொல்லின்மீது சற்று நின்று போவது நல்லது. இயேசுவுக்கு மரண ஆக்கினை தீர்ந்துவிட்டதைக் கண்ட யூதாஸ் மனஸ்தாபப்பட்டான் என்று அம்மொழிபெயர்ப்பு கூறுகின்றது. யோவான் ஸ்நானனும் ஆண்டவரும் தம் ஊழியத்தைத் தொடங்குமிடத்தில் வருவதோ மனந்திரும்புதல் என்னும் சொல். கிரேக்க மூலத்திலும் இவை இரு வேறு சொற்களே. மெட்டமெலோமாய் என்பது செய்ததைப் பின்னர் எண்ணி நோவதைக் குறிக்கும். மெட்டனோயா என்பது சிந்தை மாறி, நடக்கும் திசையே மாறுவதைக் குறிக்கும். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டி, முன்னது போதாது, பின்னதே வேண்டும் என்று பிரசங்கிப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால் அதே மத்தேயு, 21-ஆம் அதிகாரத்தில், போகமாட்டேன் என்று சொல்லிப் பின்பு திராட்சத்தோட்டத்துக்குப் போன மகனைப் பற்றிச் சொல்லும்பொழுது யூதாஸுக்குச் சொன்ன அந்தச் சொல்லையே ஆளுகின்றார். ஆகவே சொல் மட்டும் நமக்கு வழக்கைத் தீர்த்துத் தராது.

யூதாஸ் செய்ததை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். தான் பாவஞ் செய்ததாக வாய் திறந்து அறிக்கையிட்டான். தான் காட்டிக்கொடுத்தவர் குற்றமற்றவர் என்று பகைவர் முன்னிலையிலேயே சாட்சி சொன்னான். வாங்கின முப்பது வெள்ளிக்காசையும் திருப்பினான். பேதுருவோ வெளியே போய் அழுதான். அந்த இரவில் அவனைப் பற்றி நாம் அறிவது அவ்வளவே. கண்ணீரின் அளவையும் அறிக்கையின் தெளிவையும் மட்டும் கொண்டு தீர்ப்பளிப்பதானால் யூதாஸே மேலானவனாகத் தோன்றுவான். வேறுபாடு அவரவர் போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கின்றது. யூதாஸ் தன்னை விலைக்கு வாங்கியவர்களிடம் போனான். அவர்கள் குருமார், பாவ அறிக்கையைக் கேட்பதற்கென்றே நியமிக்கப்பட்டவர்கள். அது தங்கள் காரியமல்ல என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டார்கள். (குருத்துவப் பணியிலிருக்கும் நாம் அந்த வசனத்தை அதிகமாகத் தியானிப்பதில்லை.) பேதுருவோ தான் மறுதலித்தவரின் முகத்துக்கு முன்னே மீண்டும் வந்து நின்றான். கரிநெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகின்றது: பேதுரு மறுதலித்த முற்றத்தில் ஒருமுறை, உயிர்த்தெழுந்தவர் அவனை மூன்றுமுறை வினவிய கடற்கரையில் ஒருமுறை. நான்காம் சுவிசேஷகர் அந்நெருப்பைத் தற்செயலாக மூட்டியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

இலக்கியத்தில் மனந்திரும்புதல் எவ்வாறு சித்தரிக்கப்படுகின்றது என்று ஆராயப் புகும்போது இக்கேள்வியையே அளவுகோலாகக் கொள்ள விரும்புகின்றேன்: அநியாயம் செய்யப்பட்டவர் அந்தச் சித்திரத்தில் எங்கே நிற்கின்றார்? குற்றவாளியின் உளைச்சலை எழுதுவது திறமையுள்ள எழுத்தாளருக்கு அத்தனை அரிதன்று. ஒரு மனம், ஓர் இரவு, ஒரு விளக்கு இருந்தால் போதும். எதிரே மற்றொரு மனிதர் வந்து நின்று, தமக்கும் சொல்ல ஏதோ உண்டு என்று வாய் திறக்கும்பொழுதுதான் எழுத்து கடினமாகின்றது.

நம்முடைய காவிய மரபிலிருந்து தொடங்குவோம். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனின் முடிவைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் கற்றோம். தேவியின் சிலம்பில் முத்து; கண்ணகியின் சிலம்பிலோ மாணிக்கம். உடைந்த சிலம்பிலிருந்து மணி தெறித்த கணத்தில், தன்னை அரசன் என்று சொல்லும் தகுதி இழந்ததையும், கள்வன் கோவலன் அல்லன், தானே என்பதையும் உணர்ந்து அரியணையிலிருந்து சாய்ந்து உயிர் துறக்கின்றான். அவ்வளவு விரைவாகவும் முழுமையாகவும் தன் பிழையை ஒப்புக்கொண்ட அரசர் உலக இலக்கியத்தில் மிகச் சிலரே. பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு ஆராயாமல் கோவலனுக்கு அளித்த தண்டனையை, ஆராய்ந்து அறிந்தபின் தனக்கே அளித்துக்கொண்டான் எனலாம். எனினும் இங்கே ஒரு நெருடல் உண்டு. மரணம் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. கோவலன் எழவில்லை, கண்ணகியின் சினமும் தணியவில்லை. மதுரை எரிந்தது. அரசனின் நோவு எத்துணை உண்மையாயினும், இழந்தவளுக்கு அது ஈடாகாது என்பதை இளங்கோவடிகள் மறைக்கவில்லை.

அடிகளாரின் பெருமை அதோடு முடியவில்லை. வஞ்சிக் காண்டத்தின் வாழ்த்துக் காதையில், தெய்வமாகிவிட்ட கண்ணகியே தோன்றிப் பாண்டியன் குற்றமற்றவன் என்றும், தான் அவன் மகள் என்றும் கூறுகின்றாள். செங்குட்டுவன் முன்னரே பாண்டியனுக்காகப் பரிந்து பேசியிருந்தான். வளைந்த கோலை அவன் போன உயிர் நிமிர்த்திற்று என்பது அவன் கருத்து. ஆனால் அது ஓர் அரசனைப் பற்றி மற்றோர் அரசன் சொன்ன சொல். மன்னிப்புச் சொல்லக்கூடியவள் ஒருத்தியே. அவள் அதைத் தனக்கு உகந்த வேளையில், எவரும் கேளாதிருக்கையில், தானாகவே சொல்லுகின்றாள். அதற்கு ஒரு காண்டம் முழுவதும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதனோடு நாம் அதிகம் பேசாத மற்றொரு செய்தியும் அதே காப்பியத்தில் உண்டு. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினம் தணியப் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று வேள்வி செய்து சாந்தி தேடினான். ஒரு பொற்கொல்லனின் வஞ்சகத்துக்காக ஆயிரம் பேர்! பிழை அரச பீடத்தினுடையது. கழுவாய் எளியவர்களின் தலைமேல் விழுந்தது. அழுதவர் ஒருவருமின்றி நடந்த பரிகாரம் இது. நெடுஞ்செழியன் தன்னைத் தந்தான், இவனோ பிறரைத் தந்தான். பலியைப் பற்றிய இறையியலைக் கற்பிக்கின்றவர்கள் இவ்விரண்டு பாண்டியரையும் அருகருகே வைத்து மாணவருக்குக் காட்டலாம்.

திருவள்ளுவரையும் ஒருமுறை கேட்டுவிட்டு அப்பால் செல்வோம். வினைத்தூய்மை அதிகாரத்தில், பின்னால் இரங்க நேரும் செயலைச் செய்யாதிரு என்று அவர் எச்சரிக்கின்றார். குறளின் பிற்பகுதியில் உரைகாரர்கள் மாறுபடுகின்றார்கள். ஒருகால் செய்துவிட்டால் மீண்டும் அத்தகையதைச் செய்யாதே என்பது ஒரு பொருள். பரிமேலழகர் இதை ஏற்கவில்லை. செய்துவிட்டால் உட்கார்ந்து இரங்கிக்கொண்டிராதே என்பது அவர் கொண்ட பொருள். இலக்கண நுட்பம் எப்படியிருப்பினும், இரங்குதல் தன்னளவில் ஒரு நற்பண்பு அன்று என்னும் துணிவு பரிமேலழகருக்கு இருந்தது. அழுகையைக் கண்டவுடன் உருகிவிடும் நமக்கு அது கொஞ்சம் தேவைப்படுகின்றது.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், தமையனைக் கொன்று அரசனான கிளாடியஸ் தனியே முழங்காற்படியிட முயலுகின்றான். மன்னிப்பின் இறையியல் அவனுக்கு நன்றாகத் தெரியும். நம்முடைய திடப்படுத்தல் வகுப்பு மாணவர் பலரைவிட நன்றாகவே தெரியும். கிருபைக்கு எல்லையில்லை என்பதை அறிவான். ஆயினும் கொலையினால் பெற்ற மகுடமும் அரசியும் தன்னிடமே இருக்கையில், ஆதாயத்தை வைத்துக்கொண்டு குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கலாமா என்று தன்னையே வினவுகின்றான். விடை தெரிந்தும் மகுடத்தைக் கழற்றவில்லை. வார்த்தைகள் மேலே போயின, நினைவோ தரையிலேயே கிடந்தது என்று எழுந்துவிடுகின்றான். மறைந்து நிற்கும் ஹாம்லெட், முழங்காற்படியிட்ட அக்கோலத்தை மட்டும் கண்டு, மெய்யான ஜெபம் என்று நம்பி வாளை உறையிலிடுகின்றான். கிளாடியஸ் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. ஏமாந்தவன் பார்த்துக்கொண்டிருந்தவன்.

அவ்வாறு ஏமாந்த ஒருவனை நான் அறிவேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு கிராமச் சேகரத்தில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடந்தது. கடைசி இரவில், சபையில் மதிப்புள்ள ஒருவர் முன்வந்து, இறந்துபோன தம் அண்ணனின் பங்கு வயலைத் தம் பெயருக்கு எழுதிக்கொண்டதாகக் கதறி அறிக்கையிட்டார். கூட்டம் முழுவதும் அழுதது. நான் அவர் தலைமேல் கைவைத்து ஜெபித்தேன், பாட்டுப் பாடினோம். அண்ணனின் விதவை பெண்கள் பகுதியில், தூணருகே, பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை, நானும் திரும்பவில்லை. மறுவாரம் ஆராதனை முடிந்து எல்லாரும் போனபின் அந்த அம்மையார் வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "கொழுந்தனார் ஆண்டவர்கிட்ட சொல்லிட்டாங்க ஐயா. எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே." வயலைப் பற்றி அவர் கேட்கவில்லை, நான்தான் அதையும் நினைத்துக்கொண்டேன். அதன்பின் அந்த வயலுக்காக நான் எடுத்த முயற்சி அரைகுறையானது. இரண்டு ஆண்டில் மாறுதலும் வந்துவிட்டது. இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே டால்ஸ்டாயின் புத்துயிர்ப்பு நாவலை எனக்கு வாசிக்கத் தெரிந்தது.

1899-இல் வெளிவந்த அந்நாவலின் கதை பலரும் அறிந்ததே. பிரபு நெஹ்லூதவ் ஒரு கொலை வழக்கில் ஜூரராக அமர்கின்றான். குற்றவாளிக் கூண்டில் நிற்கும் விலைமகள் காத்யூஷா மாஸ்லவா, தன் அத்தைமார் வீட்டில் பாதிப் பணிப்பெண்ணாகவும் பாதி வளர்ப்பு மகளாகவும் இருந்தவள் என்பதை அடையாளம் காண்கின்றான். ஈஸ்டர் காலத்தில் அவளைக் கெடுத்து, நூறு ரூபிள் நோட்டு ஒன்றை அவள் கையில் திணித்துவிட்டுப் போனவன் அவனே. கருவுற்ற அவள் வெளியேற்றப்பட்டாள், குழந்தை இறந்தது, அதன்பின் அவள் போன வழி நாமறிந்த வழி. ஜூரர்கள் தங்கள் விடையில் ஒரு சொற்றொடரைச் சேர்க்க மறந்தமையால், கொல்லும் எண்ணமற்ற அவளுக்குச் சைபீரியாவில் நான்காண்டு கடுங்காவல் கிடைக்கின்றது. நெஹ்லூதவின் மனச்சாட்சி விழித்துக்கொள்கின்றது. அவளை மணந்து, அவளோடு சைபீரியா போய், தன் பாவத்தைத் தீர்ப்பதென்று முடிவு செய்கின்றான்.

சாதாரண எழுத்தாளராயின் இங்கே அவளை அவன் காலில் விழச் செய்திருப்பார். டால்ஸ்டாய் அவ்வாறு செய்யவில்லை. சிறைக்குள் அவன் முதன்முறை மன்னிப்புக் கேட்கும்பொழுது, அவள் மனம் அதில் இல்லை. அவனிடமிருந்து பத்து ரூபிள் பெறுவது எப்படி என்பதில் இருக்கின்றது. அவன் திகைக்கின்றான், தன் நற்செயலின் அழகில் அவன் ஏற்கெனவே கொஞ்சம் மயங்கியிருந்தான் என்பதை ஆசிரியர் ஒளிக்கவில்லை. பின்னொரு சந்திப்பில், குடித்திருந்த அவள் வெகுண்டு பேசுகின்றாள். இம்மையில் என்னைக் கொண்டு இன்பம் துய்த்தாய், இப்பொழுது மறுமையில் உன்னை இரட்சித்துக்கொள்ளவும் என்னையே கருவியாக்கப் பார்க்கின்றாய் என்பது அவள் குற்றச்சாட்டின் சாரம். மனந்திரும்புதலைப் பற்றி உலக இலக்கியத்தில் சொல்லப்பட்டவற்றுள் இதைவிடக் கூர்மையானது ஒன்றை நான் அறியேன். குற்றம் செய்தவன் தன் இரட்சிப்பை நாடுகையிலும், அநியாயம் அடைந்தவரை இரண்டாம் முறை பயன்படுத்திக்கொள்ள முடியும். முன்பு அவள் உடல், இப்பொழுது அவள் மன்னிப்பு.

நாவலின் உயிர் இவ்விடத்திலிருந்துதான் தொடங்குகின்றது. நெஹ்லூதவ் ஓடிவிடவில்லை. அவள் வழக்கின் மேல்முறையீட்டுக்காக அலைகின்றான், தன் நிலங்களைக் குடியானவர்களுக்கு விடும் ஏற்பாடுகளைச் செய்கின்றான், கைதிகளின் கூட்டத்தைப் பின்தொடர்ந்து நெடும்பயணம் போகின்றான். அவளும் மாறுகின்றாள், ஆனால் அவனுக்காக மாறவில்லை. தன்னோடு நடந்த அரசியல் கைதிகளின் தோழமையில் தன் மானத்தைத் திரும்பப் பெறுகின்றாள். தண்டனை குறைக்கப்பட்ட செய்தி வந்தபின்னும் அவன் கையை ஏற்காமல் சிமன்சன் என்னும் கைதியோடு வாழத் தீர்மானிக்கின்றாள். அது நெஹ்லூதவின்மீது கொண்ட அன்பினாலேயே, அவனை விடுவிப்பதற்காகவே என்று டால்ஸ்டாய் குறிப்பாகக் காட்டுகின்றார். அவன் கொடுக்க வந்ததை அவள் ஏற்கவில்லை. அவன் தன் பரிகாரத்தைத் தானே வடிவமைக்கும் உரிமையை அவள் பறித்துவிட்டாள். அவனுக்கு அது நன்மையாயிற்று என்றே நான் கருதுகின்றேன்.

நாவலின் கடைசிப் பக்கங்கள் எனக்கு நிறைவளிக்கவில்லை. நெஹ்லூதவ் விடுதி அறையில் அமர்ந்து மத்தேயு சுவிசேஷத்தை வாசித்து, மலைப்பிரசங்கத்தில் எல்லாவற்றுக்கும் விடை காண்கின்றான். இதை அக்காலத்திலேயே செகாவ் குறைகூறினார். சுவிசேஷ வாக்கியத்தைக் கொண்டு கதையை முடிப்பது அவருக்கு ஒப்பவில்லை. 1901-இல் டால்ஸ்டாயைத் தன் ஐக்கியத்துக்குப் புறம்பானவர் என்று அறிவித்த ருஷ்யத் திருச்சபை, அந்நாவலில் நற்கருணை வழிபாடு எள்ளப்பட்ட விதத்தால் புண்பட்டிருந்தது. திருச்சபை வேறொரு காரணத்துக்காகப் புண்பட்டிருந்தால் நலமாயிருந்திருக்கும் என்று சொல்லத் தோன்றுகின்றது.

தஸ்தயேவ்ஸ்கியின் குற்றமும் தண்டனையும் 1866-இல் வெளியாயிற்று. வேதப்புத்தகம் இந்நாவலிலும் முடிவுரையில் வருகின்றது. முடிவுரை பின்னால் ஒட்டவைக்கப்பட்டது என்று விமரிசகர் பலர் சொல்லியிருக்கின்றனர். எனக்கு அக்கருத்தில் உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் லிசவேத்தாவிலிருந்து தொடங்க வேண்டும்.

ரஸ்கோல்னிகவ் கொல்லத் திட்டமிட்டது அடகு பிடிக்கும் கிழவி அல்யோனாவை. அவளுடைய மாற்றாந்தாய் வழித் தங்கை லிசவேத்தா எதிர்பாராமல் உள்ளே வந்தமையால் கொல்லப்பட்டாள். கிழவியைக் கொன்றதற்கு அவனிடம் ஒரு தத்துவம் இருந்தது: உயர்ந்த மனிதருக்குச் சட்டமில்லை என்பது. லிசவேத்தாவைக் கொன்றதற்குத் தத்துவம் ஒன்றுமில்லை. அதனாலேயே அவளை நினைக்க அவனால் முடிவதில்லை. அவளை ஏன் தான் நினைப்பதேயில்லை என்று அவனே ஓரிடத்தில் வியந்துகொள்கின்றான். வாசகரும் அவளை மறந்துவிடுகின்றோம். தஸ்தயேவ்ஸ்கி மறக்கவில்லை. சோனியா அவனுக்கு லாசரு உயிர்த்தெழுந்த வரலாற்றை வாசித்துக் காட்டும் புதிய ஏற்பாடு லிசவேத்தா கொண்டுவந்து கொடுத்தது. இருவரும் தோழியர், சேர்ந்து வாசித்தவர்கள். சோனியா அவனுக்குத் தன் மரச் சிலுவையைக் கொடுக்கும்பொழுது, தான் அணிந்துகொள்வது லிசவேத்தாவின் செப்புச் சிலுவையை. சைபீரியச் சிறையில் அவன் தலையணையின்கீழ் இருப்பதும் அந்தப் புதிய ஏற்பாடுதான். கொல்லப்பட்டவளின் கையிலிருந்து கொன்றவனின் கைக்குச் சுவிசேஷம் வந்து சேர்கின்றது. ஆசிரியர் அதை உரக்கச் சொல்லவில்லை.

அவன் அறிக்கையிடும் முறையும் கருதத்தக்கது. நாற்சந்திக்குப் போய், நீ கறைப்படுத்திய பூமியை முத்தமிட்டு, நான்கு திசையும் வணங்கி, கொலை செய்தேன் என்று உரக்கச் சொல் என்று சோனியா பணிக்கின்றாள். அவன் சந்தை வெளியில் மண்டியிடும்பொழுது பார்த்தவர்கள் குடிகாரன் என்று நகைக்கின்றார்கள். சொல்ல வேண்டிய சொல் அவன் வாயில் உறைந்துவிடுகின்றது. பிறகு காவல் நிலையத்தில்தான் அதைச் சொல்லுகின்றான். எட்டாண்டுத் தண்டனை கிடைக்கின்றது. சட்டத்துக்கு அறிக்கை கிடைத்துவிட்டது. ஆனால் சிறையில் அவன் மனந்திரும்பவில்லை. தான் தோற்றதற்காக வெட்கப்படுகின்றானேயன்றி, செய்ததற்காக அன்று. உடன் கைதிகள் அவனை வெறுக்கின்றார்கள். ஈஸ்டருக்குப் பின் ஒரு காலையில், ஆற்றங்கரையில், சோனியாவின் காலடியில் அவன் விழுந்து அழும்பொழுதுதான் திருப்பம் வருகின்றது. அப்பொழுதும் அந்தப் புத்தகத்தை அவன் திறக்கவில்லை. இன்னும் ஏழாண்டு இருக்கின்றது, புதிய வாழ்வு இலவசமாக வரப்போவதில்லை என்று சொல்லித் தஸ்தயேவ்ஸ்கி நிறுத்திவிடுகின்றார். மனந்திரும்பியவனை அவர் காட்டவில்லை. திரும்பத் தொடங்கியவனைக் காட்டினார். இதனைவிட நேர்மையான முடிவை அவர் எழுதியிருக்க முடியாது.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தில் பாவ உணர்வின் பெருங்காவியம் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். 1894-இல் வெளிவந்த இந்நூல் ஜான் பனியனின் மோட்சப் பயணத்தைத் தழுவியது. கம்பனின் ஓசையில் ஊறியது. இடையிடையே வரும் தேவாரப் பாடல்களை மனமுருகாமல் வாசிப்பது அரிது. அவற்றைப் பாடாத நம் முன்னோர் இல்லை. அக்காவியத்தைக் குறைத்துப் பேசும் துணிவு எனக்கில்லை. ஆயினும் ஒரு கேள்வி எழுகின்றது. பனியனின் யாத்திரிகன் முதுகில் பாவப் பாரத்தைச் சுமந்து வருகின்றான். சிலுவையடியில் அது அவிழ்ந்து உருண்டு கல்லறைக்குள் மறைகின்றது. அந்த மூட்டைக்குள் என்ன இருந்தது? யாருக்குச் செய்த தீமை? எவருடைய கூலி, எவருடைய வயல்? நூல் சொல்லுவதில்லை. பாரம் முழுவதும் அவனுக்கும் கடவுளுக்கும் இடையிலானது. மனைவியும் பிள்ளைகளும் பின்னால் கூப்பிடுகையில் அவன் காதில் விரலை வைத்துக்கொண்டு ஓடுகின்றான். அதற்காக அவன் எங்கும் வருந்துவதில்லை.

பனியனுக்கே இது உறுத்தியதோ என்னவோ, 1684-இல் எழுதிய இரண்டாம் பாகத்தில் மனைவி கிறிஸ்தியானாள் புறப்படுகின்றாள். அவளை முதலில் தைத்தது கணவனுக்குத் தான் செய்த கொடுமையின் நினைவு. மனிதரில் தொடங்கி கடவுளிடம் போகும் மனந்திரும்புதல் அது. ஆனால் கிருஷ்ணபிள்ளை பெரிதும் பின்பற்றியது முதற்பாகத்தின் பயணத்தையே. நாமும் அப்படியே.

இதற்குத் திருமறையிலேயே ஆதாரமுண்டு என்று எவரேனும் 51-ஆம் சங்கீதத்தைச் சுட்டலாம். தாவீது தன் பாவம் கடவுளொருவருக்கே விரோதமானது என்பதுபோல் அங்கே பேசுகின்றான். தலைப்பில் நாத்தானின் பெயரும் பத்சேபாளின் பெயரும் உண்டு. கொல்லப்பட்ட உரியாவின் பெயர் இல்லை. எல்லாப் பாவமும் முடிவில் கடவுளுக்கு விரோதமானது என்னும் உண்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் மத்தேயு தம் வம்ச வரலாற்றை எழுதுகையில், சாலொமோனின் தாயைப் பெயர் சொல்லாமல் உரியாவின் மனைவி என்று குறித்தார். சங்கீதத் தலைப்பில் விடுபட்ட பெயரை மேசியாவின் வம்ச அட்டவணைக்குள் எழுதிவைத்துவிட்டார்.

இப்படிப் பேசுவது கிரியையினால் இரட்சிப்பு என்னும் பழைய கண்ணியில் விழுவதாகாதா என்று சீர்திருத்த மரபில் வளர்ந்த வாசகர் கேட்பது நியாயமே. 1517-இல் லூத்தர் எழுதிய தொண்ணூற்றைந்து வாதங்களில் முதலாவது, விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பது. அதை நாம் அடிக்கடி நினைவுகூர்கின்றோம். மூன்றாவதை மறந்துவிடுகின்றோம்: உள்ளத்துக்குள் மட்டும் நிகழ்ந்து வெளியே மாம்சத்தை ஒடுக்கும் பலன் காட்டாத மனந்திரும்புதல் ஒன்றுமில்லை என்பது அதன் கருத்து. சகேயு நாலத்தனையாகத் திருப்பிக்கொடுப்பதாகச் சொன்னது இரட்சிப்பை விலைக்கு வாங்கியதாகாது. ஆண்டவர் அவன் வீட்டுக்கு வருவதாக முன்னமே சொல்லிவிட்டார். கிருபை முந்திவந்ததனால்தான் அவனுக்குக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் தைரியம் வந்தது.

கடைசியாகப் புதுமைப்பித்தன். அவருடைய சாபவிமோசனம், நம் குருமாரில் பலர் வாசித்திராத, வாசிக்க வேண்டிய கதை. இராமனின் பாதத்தூள் பட்டு அகலிகை கல்லுருவம் நீங்குகின்றாள். புற்றுமூடிக் கிடந்த கோதமனும் எழுகின்றான். புராணம் அங்கே முடிகின்றது. புதுமைப்பித்தன் அங்கே தொடங்குகின்றார். கோதமனின் மனம் மெய்யாகவே மாறியிருக்கின்றது. கோபத்தில் சாபமிட்ட தன் செயலை எண்ணி அவன் வெந்திருக்கின்றான். மனமறியாத பிழைக்கு அவள் பொறுப்பல்லள் என்று உணர்ந்திருக்கின்றான். அவள்மீது அன்பு குறையவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருக்கின்றது. ஆனால் அவளுக்குள் அச்சம் தீரவில்லை. ஒவ்வோர் ஆடவன் முகத்திலும் இந்திரனையே காண்கின்றாள். ஆற்றங்கரைக்கு வரும் ரிஷிபத்தினிகள் அவளைக் கண்டு விலகிப் போகின்றார்கள்.

அவளுக்கு ஆறுதலாயிருந்தவர்கள் இராமனும் சீதையும். பதினான்கு ஆண்டு கழித்து அவர்கள் திரும்பி வருகையில், இலங்கையில் தன்னை நெருப்பில் இறங்கச் சொன்ன செய்தியைச் சீதை சாதாரணமாகச் சொல்லுகின்றாள். அகலிகையால் அதைத் தாங்க முடியவில்லை. தன்னை விடுவித்த அதே இராமன், தன் மனைவியிடம் அவ்வாறு கேட்டானா? கோதமன் அன்போடு அணைக்கும்பொழுது அவளுக்கு அவன் தெரியவில்லை, அவன் உருவில் வந்த இந்திரனே தெரிகின்றான். மீண்டும் கல்லாகின்றாள். இம்முறை அதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருக்கின்றது.

இக்கதையைக் கிருபையின் தோல்வி என்று படிக்கின்றவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோதமனின் மனந்திரும்புதல் பொய்யன்று. ஆனால் அது அவளுடைய குணமாதலுக்கு உத்தரவாதமும் அன்று. தன் பிழையை உணர்ந்த ஒருவனுக்குத் தான் வருத்தியவர் மன்னித்து எழுந்து தன்னோடு நடந்தாக வேண்டும் என்று கேட்கும் உரிமை கிடையாது. மாஸ்லவா எழுந்து நடந்தாள், தன் வழியே. கண்ணகி ஒரு காண்டத்துக்குப் பின் பேசினாள். அகலிகை பேசவேயில்லை. கோதமனோ கல்லை விட்டு எழுந்து, துறவியாகி, ஆளரவமற்ற வெளி வழியே கைலையை நோக்கித் தனியே நடக்கின்றான். அவன் பின்னே ஓடிப்போய் ஆறுதல் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் தூணருகே உட்கார்ந்திருந்த அந்த அம்மையாரின் முகம் நினைவுக்கு வருகின்றது. கல்லின் பக்கமே நிற்கின்றேன்.